கட்டுநாயக்கவைத் தாண்டி ஒன்பது நிமிடம்

மட்டக்களப்பில் எங்கள் பக்கத்து வீட்டு மாமி போன கிழமை தன் கைபேசியை என் முன்னே நீட்டினார். கட்டாரில் வேலை செய்யும் மகன் அனுப்பிய டிக்கெட்டின் படம் அதில் இருந்தது. டோஹா புறப்பாடு 19:00, கொழும்பு வருகை 02:15. இரண்டு விரல்களால் எண்களைப் பெரிதாக்கிக் காட்டினார். "தம்பி, இந்த முறை ஏழேகால் மணி நேரமா வருகிறது? போகும்போது விடிய நாலு மணிக்கு ஏறினான், ஆறு நாற்பதுக்கு அங்கே இறங்கிவிட்டான். மூன்று மணி நேரம்கூட ஆகவில்லையே!"

மாமியின் கழித்தலில் பிழை இல்லை. டிக்கெட்டில் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம் என்பதை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. கட்டார் கிரீன்விச் நேரத்துக்கு 3 மணி நேரம் முன்னால் இருக்கிறது. இலங்கை ஐந்தரை மணி நேரம் முன்னால். இடைவெளி இரண்டரை மணி. வரும்போது அந்த இரண்டரையைக் கழிக்க வேண்டும்: ஏழேகாலில் கழித்தால் நாலே முக்கால். போகும்போது கூட்ட வேண்டும்: 2 மணி 40 நிமிடத்தோடு சேர்த்தால் 5 மணி 10 நிமிடம். சவூதிக்கும் குவைத்துக்கும் இதே கணக்குத்தான். துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் இடைவெளி ஒன்றரை மணி மட்டுமே. தொண்ணூறுகளின் கடைசியில் வெளிநாடு போனவர்கள் 'மூன்று மணி நேர வித்தியாசம்' என்று இன்றும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் போன காலத்துக்கு அது சரிதான். 1996 அக்டோபர் முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கைக் கடிகாரம் ஆறு மணி நேரம் முன்னால் ஓடியது. அந்தப் பத்தாண்டுப் பழக்கம் நாவில் தங்கிவிட்டது.

மணிக்கணக்கைவிடத் திகதிக்கணக்குத்தான் நம் குடும்பங்களை அதிகம் அலைக்கழிக்கிறது. மத்திய கிழக்கு விமானங்கள் பெரும்பாலும் இரவில் வந்து இரவில் போகின்றன. என் உறவினர் ஒருவரின் டிக்கெட்டில் '15ஆம் திகதி 00:40' என்று இருந்தது. பதினைந்தாம் திகதி பகல் முழுவதும் வீட்டில் இருந்து, மாலையில் சாமி கும்பிட்டு, எல்லோரிடமும் விடைபெற்று வேன் ஏறினார். விமானமோ அன்று பிறந்து நாற்பதாவது நிமிடத்திலேயே போய்விட்டது. அவர் பதினான்காம் திகதி மத்தியானமே வீட்டை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். 00 என்று தொடங்கும் எந்த நேரத்தைக் கண்டாலும் அது முந்திய இரவு என்று பெரிய எழுத்தில் கலண்டரில் எழுதி வையுங்கள். வருகையிலும் அப்படித்தான். மாமியின் மகன் ஏறுவது 12ஆம் திகதி என்றால் இறங்குவது 13ஆம் திகதி அதிகாலை. டிக்கெட்டின் ஓரத்தில் சிறிதாக +1 என்று இருப்பது அதைத்தான் சொல்கிறது.

இனித் தூரத்துக்கு வருவோம். கைபேசியில் 'டோஹா கொழும்பு தூரம்' என்று தேடினால் 3,600 கிலோமீற்றருக்குச் சற்று மேலே ஒரு எண் வரும். இரு விமான நிலையங்களின் அகலக்கோடு, நெடுங்கோடுகளை வைத்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 3,610 கிலோமீற்றர். சில இடங்களில் 2,244 என்று காட்டும், சில இடங்களில் 1,950 என்று காட்டும். மூன்றும் ஒரே தூரம்தான். முதலாவது கிலோமீற்றர், அடுத்தது தரை மைல், கடைசியானது கடல் மைல். விமானிகள் பேசுவது கடல் மைலில். ஒரு கடல் மைல் 1,852 மீற்றர். பூமியின் சுற்றளவை 360 பாகையாக்கி, ஒரு பாகையை 60 கலையாகப் பிரித்தால் ஒரு கலைக்கு வரும் நீளம் அது. கடலோடிகள் கண்ட அளவை வானோடிகள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

இந்தத் தூரம் எந்தப் பாதையில் அளக்கப்படுகிறது? பள்ளிக்கூடத்தில் இருக்கும் பூமி உருண்டையில் ஒரு நூலை இரண்டு ஊர்களிலும் அழுத்திப் பிடித்து இறுக்கிப் பாருங்கள். நூல் எங்கே படிகிறதோ அதுதான் மிகக் குறுகிய வழி. அதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். டோஹாவுக்கும் நமக்கும் இடையில் சுவரில் தொங்கும் தட்டைப் படத்தில் கோடு போட்டாலும் பெரிய வித்தியாசம் வராது. மட்டக்களப்பில் ஒரு நுனியையும் கனடாவின் ரொறன்ரோவில் மறு நுனியையும் பிடித்தால்தான் வியப்பு. சுவர்ப்படத்தைப் பார்த்தவர் அரபிக்கடல், ஆபிரிக்கா, அத்திலாந்திக் என்று மேற்கே விரலை ஓட்டுவார். நூலோ நேரே வடக்கே ஏறி, ரஷ்யாவின் உரால் மலைப்பக்கமாகப் போய், ஆர்க்டிக் வட்டத்துக்குள் நுழைந்து, கிரீன்லாந்தின் பனிமேட்டைக் கடந்து கனடாவில் இறங்கும். நீளம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். என் மாணவர் ஒருவர் நூலை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

ஒரு சிறு சந்தேகம் எல்லோருக்கும் வரும்: விமானம் பத்து கிலோமீற்றருக்கு மேலே பறக்கிறதே, அந்த வளைவு பெரிதல்லவா, தூரம் கூடாதா? கூடும். டோஹா முதல், கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்க வரை மொத்தமாக 6 கிலோமீற்றர் கூடும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது, விமானம் அந்த நூலின் மேல் பறப்பதில்லை என்பதைப் பற்றி. வானத்திலும் வீதிகள் உண்டு, ஒவ்வொரு நாட்டின் எல்லைக்குள்ளும் அனுமதி வேண்டும். 2017 ஜூன் மாதம் சவூதி, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகிய நாடுகள் கட்டாருடன் உறவை முறித்துத் தங்கள் வான்வெளியைக் கட்டார் விமானங்களுக்கு மூடின. 2021 ஜனவரியில் சமாதானம் ஏற்படும்வரை மூன்றரை ஆண்டுகள் அந்த விமானங்கள் ஈரான் பக்கமாகச் சுற்றிப் போயின. டோஹா இருந்த இடத்தில்தான் இருந்தது, மட்டக்களப்பும் இருந்த இடத்தில்தான் இருந்தது. பாதை மட்டும் நீண்டது. தேடுபொறி காட்டும் தூரத்தில் இதெல்லாம் தெரியாது.

நேரத்தைத் தேடுபொறிகள் கணக்கிடும் விதம் மிக எளியது. தூரத்தை மணிக்கு 850 கிலோமீற்றர் போன்ற ஒரு வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் சேர்க்கின்றன. 3,610ஐ 850ஆல் வகுத்தால் நாலேகால் மணி; அரை மணி சேர்த்தால் நாலே முக்கால். மாமியின் மகன் டிக்கெட்டோடு அச்சொட்டாகப் பொருந்துகிறது. ஆனால் திரும்பிப் போகும்போது அதே தூரத்துக்கு 5 மணி 10 நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடம் எங்கே போனது?

இதை நம் ஊர் மீனவரிடம் கேட்டால் ஒரு சொல்லில் சொல்லிவிடுவார்: காற்று. மேற்கிலிருந்து வருவது கச்சான், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து சோழகம் என்று நான்கு திசைக்கும் பெயர் வைத்து, அதைப் பார்த்தே தோணியை இறக்கிய கரை இது. விமானிக்கும் அதே பாடம்தான். விமானத்தின் வேகம் காற்றுக்குள் அதன் வேகம். காற்றே நகர்ந்தால் தரைக்கு மேல் அதன் வேகம் மாறிவிடும். 850 வேகத்தில் போகும் விமானத்தை 60 கிலோமீற்றர் வேகக் காற்று பின்னாலிருந்து தள்ளினால் 910. முன்னாலிருந்து எதிர்த்தால் 790. 3,610 கிலோமீற்றரை 910ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4 மணி, 790ஆல் வகுத்தால் 4 மணி 34 நிமிடம். அரை மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம், அதுவும் பெரிய காற்றே இல்லாமல்.

மேலே வீசும் காற்றுக்கும் பருவம் உண்டு. மார்கழி, தை மாதங்களில் அரேபியாவுக்கும் வட இந்தியாவுக்கும் மேலே, 25 முதல் 30 பாகை வட அகலக்கோட்டுப் பகுதியில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. டோஹா 25 பாகையில் அதன் கீழேயே கிடக்கிறது. அங்கிருந்து வரும் விமானத்துக்கு அது ஆற்று நீரோட்டம் போல; இங்கிருந்து போகும் விமானம் அதை எதிர்த்து நீந்த வேண்டும். ஆனி, ஆடியில் கதை மாறுகிறது. கீழே மட்டக்களப்பில் கச்சான் கொளுத்தும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்து, சூடேறி நம் பக்கம் இறங்குவதுதான் கச்சான். அதே நாட்களில் மிக உயரத்தில், 15 கிலோமீற்றரை ஒட்டி, நேர் எதிர்த்திசையில், கிழக்கிலிருந்து மேற்காக வெப்பமண்டலக் கிழக்குக் காற்றோட்டம் தென்னிந்தியாவையும் இலங்கையையும் தாண்டி அரேபியா பக்கம் ஓடுகிறது. பயணிகள் விமானம் அவ்வளவு உயரம் போவதில்லை. ஆனாலும் அதன் அடிவிளிம்பு சற்றுக் கை கொடுக்கும். கீழே கச்சான், மேலே கொண்டல். ஒரே வேளையில் ஒரே ஊருக்கு மேல் இரண்டு காற்று எதிரெதிராகப் போவது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

டிக்கெட்டில் உள்ள நேரம் பறக்கும் நேரம் மட்டுமல்ல. வாயிலை விட்டு விமானம் நகரத் தொடங்கியது முதல் மறு வாயிலில் நிற்கும் வரை உள்ள நேரம் அது. டோஹா போன்ற பெரிய நிலையத்தில் ஓடுபாதை வரை ஊர்ந்து போகவே கால் மணி நேரம் எடுக்கலாம். பிறகு மேலேற இருபது, இருபத்தைந்து நிமிடம். இறங்குவதற்கு அதைவிடச் சற்றுக் கூட. இறங்கத் தொடங்குவது கட்டுநாயக்கவுக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர் முன்னால். கட்டுநாயக்கவுக்கும் மட்டக்களப்புக்கும் இடையிலுள்ள வான்தூரம் எவ்வளவு தெரியுமா? 206 கிலோமீற்றர்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயத்தின் மையம் இருக்கிறது. டோஹாவிலிருந்து கட்டுநாயக்க 3,610 கிலோமீற்றர். டோஹாவிலிருந்து மட்டக்களப்பு ஏறத்தாழ 3,740. வித்தியாசம் ஏறத்தாழ 130 கிலோமீற்றர்தான். 206 கிலோமீற்றர் கிழக்கே இருந்தும் அவ்வளவு கூடாததற்குக் காரணம், மட்டக்களப்பு சற்று வடக்கே இருப்பதும், டோஹாவிலிருந்து வரும் கோடு வடமேற்கிலிருந்து சரிந்து வருவதும். ஜெட் விமானத்துக்கு அந்த 130 கிலோமீற்றர் ஒன்பது நிமிடம். அதே மகன் கட்டுநாயக்கவில் இறங்கி நம் ஊருக்கு வரும் தரைவழி ஏறத்தாழ 300 கிலோமீற்றர்: குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிகந்தை, வாழைச்சேனை, ஏறாவூர். ஆறரை மணி நேரம், ஏழு மணி நேரம். அக்கரைப்பற்றுக்கோ பொத்துவிலுக்கோ என்றால் இன்னும் கூட. ஹபரணைக்கும் மின்னேரியாவுக்கும் இடையில் இரவில் யானை வீதியில் நின்றால் அது நகரும்வரை காத்திருக்க வேண்டும். ரயிலில் வந்தால் மாஹோ, கல்ஓயா சந்திகளைச் சுற்றி ஏறத்தாழ 350 கிலோமீற்றர்.

போகும் பயணத்தை மாமியோடு உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். விமானம் அதிகாலை 4 மணிக்கு. மூன்று மணி நேரம் முன்னதாக, 1 மணிக்கு அங்கே நிற்க வேண்டும். வழியில் தேநீருக்கும் சக்கரம் காற்றுப் போனால் மாற்றவும் சேர்த்து எட்டு மணி நேரம் ஒதுக்கினால், வீட்டு வாசலில் முந்திய நாள் மாலை 5 மணிக்கு வேன் நிற்க வேண்டும். டோஹாவில் இறங்குவது அங்கத்தைய 6:40, இங்கே காலை 9:10. மாலை 5 முதல் காலை 9:10 வரை 16 மணி 10 நிமிடம். அதில் விமானத்துக்குள் கழிந்தது 5 மணி 10 நிமிடம். மூன்றில் ஒரு பங்கு. 3,610 கிலோமீற்றருக்கு மூன்றில் ஒரு பங்கு நேரம், மிச்சத் துண்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு! 'கட்டார் அஞ்சு மணி நேரம்தானே' என்று சொல்கிறவர்கள் இரத்மலானையிலோ நீர்கொழும்பிலோ வீடு உள்ளவர்களாக இருக்க வேண்டும்.

நமக்கு விமான நிலையம் இல்லையா? இருக்கிறது. நகருக்கு மேற்கே, வாவிக்கு அப்பால், திமிலைதீவில் இருக்கிறது. 2018இல் சர்வதேச விமான நிலையமாகவும் அறிவிக்கப்பட்டது. அம்பாறைப் பக்கம் உகணையிலும் ஓர் ஓடுபாதை உண்டு. ஆனால் மட்டக்களப்பின் ஓடுபாதை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர். கட்டுநாயக்கவின் ஓடுபாதை 3,350 மீற்றர். டோஹாவரை போகும் எரிபொருளையும் நூற்றைம்பது பேரையும் அவர்களின் பெட்டிகளையும் சுமந்த ஜெட் விமானம் எழும்ப இரண்டு கிலோமீற்றருக்கு மேல் வேண்டும். நம் ஊர் வெயில் அதை இன்னும் கூட்டுகிறது: காற்று சூடேறினால் அடர்த்தி குறையும், அடர்த்தி குறைந்தால் இறக்கைக்குத் தாங்கல் குறையும், அப்போது நீண்ட தூரம் ஓடித்தான் எழும்ப முடியும். கச்சான் அடிக்கும் மத்தியானத்தில் 35 பாகை வெப்பத்தில் இது சிறிய விஷயமல்ல. ஓடுபாதையோடு வேலை முடிவதுமில்லை. எரிபொருள் கிடங்கு, பெரிய விமானத்துக்கேற்ற தீயணைப்பு, இரவு விளக்கு, குடிவரவு, சுங்கம், எல்லாவற்றுக்கும் மேலாக வாரத்தில் இத்தனை நாள் இத்தனை பேர் ஏறுவார்கள் என்ற உறுதி வேண்டும்.

அதனால்தான் இங்கே வருவது சிறிய விமானம். செஸ்னா காரவன் என்ற ஒற்றை எஞ்சின் விமானம் மணிக்கு 300 கிலோமீற்றர் அளவில் பறக்கும். பன்னிரண்டு பேருக்குள்தான் ஏறலாம். 206 கிலோமீற்றரை அது முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடும், கொழும்புக்குத் தெற்கே உள்ள இரத்மலானை விமான நிலையத்திலிருந்து என்றால் 220 கிலோமீற்றர், சற்றுக் கூட. (கொழும்பு என்று தேடினால் சில இடங்களில் 206, சில இடங்களில் 220 என்று வருவது இதனால்தான்: 'கொழும்பு' என்று எதை எடுத்தார்கள் என்பதைப் பாருங்கள்.) உள்ளே அழுத்தம் கூட்டிய காற்று இல்லாததால் அது மிக உயரம் போகாது, மேகத்துக்குக் கீழோ ஓரமாகவோ போகும். இரத்மலானையிலிருந்து நேர்கோடு கண்டிக்குச் சற்றுத் தெற்கே, 2,524 மீற்றர் உயரப் பீதுருதாலகாலையை வலப்பக்கம் விட்டு, மகியங்கனை அருகே மலையிறங்கி நம் சமவெளிக்கு வருகிறது. மலை முடிந்ததும் பச்சை வயலும் குளங்களும், பிறகு வாவி. கண்ணுக்கு அதைவிட நல்ல பயணம் இந்த நாட்டில் குறைவு. ஆனால் முப்பது கிலோ பெட்டியோடு அதிகாலை 2:15க்கு இறங்கும் மகனுக்கு அது பயன்படாது. அந்தப் பெட்டி அதில் ஏறாது. பகல் வெளிச்சம் வரும்வரை காத்திருந்தால் வேன் தம்புள்ளையைத் தாண்டியிருக்கும்.

சென்னைக் கணக்கு என்னை இன்னும் அதிகம் உறுத்துகிறது. கட்டுநாயக்கவிலிருந்து சென்னை 644 கிலோமீற்றர். மட்டக்களப்பிலிருந்து சென்னை 608 கிலோமீற்றர். ஆம், நாம்தான் கிட்ட இருக்கிறோம். இதற்குப் பெரிய ஜெட் தேவையில்லை. 2019இல் யாழ்ப்பாணத்தின் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது சென்னையிலிருந்து அங்கே வந்தது ஏடிஆர் 72 என்ற எழுபது பேர் அளவில் ஏறும் சுழலி விமானம். மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் பறக்கும் அது ஒன்றரைக் கிலோமீற்றர் ஓடுபாதையில் எழும்பக் கூடியது. பலாலி–சென்னை வான்தூரம் 354 கிலோமீற்றர். மட்டக்களப்பிலிருந்து அதே விமானம் புறப்பட்டால் திருகோணமலையை இடப்பக்கம் பார்த்தபடி வங்கக்கடல் மேல் ஏறி ஒன்றரை மணி நேரம் அளவில் சென்னையில் இறங்கலாம்.

கல்முனையிலிருந்து சென்னைக்கு இருதய சிகிச்சைக்குப் போகும் ஒருவர் இன்று என்ன செய்கிறார்? வடக்கே இருக்கும் ஊருக்குப் போக முதலில் தீவைக் குறுக்கே கடந்து மேற்குக் கரைக்குப் போகிறார். வேனின் பின் இருக்கையைச் சாய்த்து, தலையணை வைத்து, மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு இரவு முழுவதும் போகிறார். விடியும்போது அவர் சென்னையிலிருந்து, புறப்பட்ட நேரத்தில் இருந்த தூரத்தில்தான் இருக்கிறார்.